கினாபாத்தாங்கான் மழைக்காட்டில் தொண்டூழியம்: புறப்படுவதற்கு முன் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து, சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரைக்கு நான்கு முறை தொண்டூழியராகப் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பியதும் அலுவலகத்திலும் கோயிலிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் வருகின்றன. "அங்கே போய் என்னதான் செய்வீர்கள்?" என்பதில் தொடங்கி, "சைவம் கிடைக்குமா?" வரை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. நான் எந்த அமைப்பின் சார்பிலும் பேசவில்லை. கண்டதையும் கற்றதையும் சொல்கிறேன்.

கினாபாத்தாங்கான் எங்கே இருக்கிறது? ஏன் அங்கே?

போர்னியோ தீவின் வடகிழக்கில், மலேசியாவின் சபா மாநிலத்தில். 560 கிலோமீட்டர் ஓடிச் சூலு கடலில் கலக்கும் ஆறு அது. மலேசியாவில் சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்தபடி நீளமானது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பல பத்தாண்டுகளாக மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பிறகு பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள் வந்தன. மிஞ்சிய காட்டை 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர். சிங்கப்பூரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல்.

ஆனால் அது ஒரே காடாக இல்லை. பத்துத் துண்டுகளாக, இடையிடையே தோட்டங்களும் ஊர்களும் சாலையும் குறுக்கிட, ஆற்றோரம் சிதறிக் கிடக்கிறது. போர்னியோ யானைக் கூட்டம் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக வேண்டுமானால் யாருடைய தோட்டத்தையாவது மிதித்துத்தான் போக வேண்டும். ஓராங் ஊத்தான் என்ற வாலில்லாக் குரங்குக்கு நீந்தத் தெரியாது. கரையோரப் பெருமரங்கள் இருந்த காலத்தில் கிளைவழியே சிற்றாறுகளைக் கடந்தது. மரங்கள் போனபின் கடக்க வழியில்லாமல் நின்றுவிட்டது. சில சிற்றாறுகளின் குறுக்கே கயிற்றுப் பாலங்கள் கட்டி விட்டிருக்கிறார்கள். அவற்றில் ஓராங் ஊத்தான் ஏறிப் போவதும் படமாகியிருக்கிறது. இருந்தாலும் நிலையான தீர்வு, துண்டுகளுக்கு இடையே மறுபடி மரம் வளர்ப்பதுதான். தொண்டூழியர்களின் வேலை பெரும்பாலும் அங்கேதான்.

இது காட்டைக் காக்கும் திட்டமா, ஊருக்கு உதவும் திட்டமா?

இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த ஆற்றங்கரையில் ஓராங் சுங்கை மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஓராங் ஊத்தான் என்றால் மலாயில் காட்டு மனிதன், ஓராங் சுங்கை என்றால் ஆற்று மனிதர். மீன், நதி இறால், காட்டுப் பிரம்பு, கொஞ்சம் நெல் என்று வாழ்ந்தவர்கள். மரம் வெட்டும் தொழில் ஓய்ந்தபோது இளைஞர்களுக்கு ஊரில் வேலை இல்லாமல் போனது.

பத்து பூத்தே என்ற ஊர்த்தொகுதியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1990களின் பிற்பாதியில், உலக இயற்கை நிதியத்தின் நார்வே கிளை தந்த ஆதரவோடு, ஊர்க்காரர்களே மெஸ்காட் என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். அதே சமயத்தில்தான் 1997-98 எல் நினோ வறட்சி வந்து, காட்டுத் தீயில் சுற்றுப்புறக் காடுகள் எரிந்தன. எரிந்த இடத்தில் மரம் நடுவதும் விருந்தினர்களை வீட்டில் தங்க வைப்பதும் ஒன்றாக வளர்ந்தன. 2003இல் அது கோப்பெல் என்ற கூட்டுறவுச் சங்கமாகியது. படகோட்டுபவர், சமைப்பவர், வழிகாட்டுபவர், கன்று வளர்ப்பவர் எல்லாரும் ஊர்க்காரர்கள். காடு இருந்தால்தான் அவர்களுக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் வருவதால் காடும் நிற்கிறது.

சுக்காவ் பக்கம் ஹூத்தான் என்ற அமைப்பு 1990களிலிருந்து ஊர்க்காரர்களோடு ஓராங் ஊத்தான் ஆய்வு செய்கிறது. அவர்களிடம் ஊர்ப் பெண்களே நடத்தும் மரநடவுக் குழுவும் உண்டு. ஆற்றங்கரைக் காட்டில் டானாவ் கிராங் என்ற ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. நீங்கள் ஆய்வு மாணவர் என்றால் அந்த வழி பொருந்தும். மற்றவர்களுக்கு ஊர்க் கூட்டுறவு வழிதான் இயல்பானது.

தொண்டூழியர் உண்மையில் என்ன வேலை செய்வார்?

இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்பார்ப்பு தவறினால் இரண்டாம் நாளே மனம் சோர்ந்துவிடும்.

பெரும்பாலும் களை எடுப்பீர்கள்.

கன்று நடுவதைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். நாற்றங்காலில் பாலிதீன் பையில் மண் நிரப்புவது, கன்றுகளைப் படகில் ஏற்றுவது, சேற்றில் இறங்கிக் குழி தோண்டுவது, நடுவது எல்லாம் உண்டு. ஆனால் நட்ட கன்று பிழைப்பது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் யார் அதைச் சுற்றி வெட்டிவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெயில் பட்ட திறந்த நிலத்தில் புல் ஆள் உயரம் எழுந்துவிடும். கொடி ஏறிக் கன்றை மடக்கி அமுக்கும். அது வெள்ளச் சமவெளி என்பதால் ஒரு பெருவெள்ளம் வந்தால் வாரக்கணக்கில் கன்று நீருக்குள் நிற்கும். இதையெல்லாம் தாண்டினால் யானை வந்து பிடுங்கிப் போகும். இதை அறிந்தவர்கள் நட்ட எண்ணிக்கையைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. "போன வருடம் நட்டதில் எத்தனை நிற்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

என் இரண்டாம் பயணத்தில், முதல் பயணத்தில் நான் நட்ட வரிசைக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு ஒரு கன்றும் தெரியவில்லை. புல் மட்டும்தான் தெரிந்தது. கூட வந்த மாச்சிக் (ஊரின் மூத்த பெண்மணி) பாராங் கத்தியால் மெதுவாக விலக்கி விலக்கி, உள்ளே இருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சில போய்விட்டன, பல இருந்தன. அன்று முழுவதும் குனிந்து அவற்றைச் சுற்றி வட்டமாக வெட்டினோம். என் நான்கு பயணங்களில் மிகப் பயனுள்ள நாள் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று, ஏரி வேலை. பத்து பூத்தே அருகே துங்கோக் என்ற ஏரி இருக்கிறது. பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட சால்வினியா என்ற மிதக்கும் களை அதன் நீர்ப்பரப்பை மூடியிருந்தது. மூடினால் ஒளி போகாது, மீன் மூச்சுத் திணறும். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கையாலேயே அள்ளி அள்ளி நீரைத் திறந்தார்கள். மிஞ்சியது மறுபடி பெருகாமல் இருக்கத் தொடர்ந்து அள்ள வேண்டும். இடுப்பளவு ஈரத்தில் படகோரம் சாய்ந்து செய்யும் வேலை, முதுகு வலிக்கும்.

ஒரு மகிழ்ச்சியான செய்தியும் சொல்ல வேண்டும். நாற்றங்காலில் முதல் நாள் என் கையில் கொடுத்த கன்றுக்கு "லாரான்" என்று பெயர் சொன்னார்கள். அகன்ற இலை, சட்டென்று உயரும் மரம், வெயிலைத் தாங்கும், அதனால் முதலில் அதை நட்டு நிழல் உண்டாக்குகிறார்கள். திரும்பி வந்து அறிவியல் பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நம் கடம்பு. முருகனைக் கடம்பன் என்கிறோமே, மதுரையைக் கடம்பவனம் என்கிறோமே, அந்த மரம். பெயர் மட்டும் அறிந்திருந்த மரத்தை மூன்று நாள் கையால் நட்டிருக்கிறேன். கரையோரத்தில் நம் அத்தி மரமும் நிற்கிறது. அதன் பழத்துக்கு ஓராங் ஊத்தான் வருகிறது. அடுத்த முறை போனபோது மரங்களைப் பார்க்கும் என் கண்ணே மாறியிருந்தது.

ஓராங் ஊத்தானைப் பார்க்க முடியுமா? தூக்கிக்கொள்ளலாமா?

பார்க்க வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. மாலையில் படகில் போனால் பெரிய மூக்குக் குரங்குகளைக் கிட்டத்தட்ட நிச்சயமாகப் பார்ப்பீர்கள். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் அவை இல்லை. போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் அந்த ஆற்றோரத்தில் உண்டு. நம் உபின் தீவிலும் சாங்கியிலும் பறக்கும் வகையும் அதில் ஒன்று.

தூக்கிக்கொள்வது, தொடுவது, உணவு கொடுப்பது கூடவே கூடாது. நம் சளியும் காய்ச்சலும் ஓராங் ஊத்தானுக்குத் தொற்றும். பெண் ஓராங் ஊத்தான் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி போடும், அதனால் ஒன்று இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. போர்னியோ ஓராங் ஊத்தானை 2016 முதல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். குட்டியைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கலாம் என்று எந்தத் திட்டமாவது விளம்பரம் செய்தால், அதை அங்கேயே தவிர்த்துவிடுங்கள். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சண்டாக்கான் அருகே செப்பிலோக் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1964 முதல் இயங்குகிறது. மேடையில் நின்று, தூரத்திலிருந்து பார்க்கலாம்.

வேலையும் செய்து, பணமும் ஏன் கட்ட வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட.

நீங்கள் மூன்று வேளை சாப்பிடுகிறீர்கள். படகுக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். உங்களோடு நாள் முழுக்க ஒரு வழிகாட்டி வருகிறார், அவருக்கு நாள்கூலி உண்டு. பாராங் பிடிக்கத் தெரியாத நம்மை வைத்து வேலை வாங்குவது அவர்களுக்குக் கூடுதல் வேலை. அந்தச் செலவை ஊர் ஏன் சுமக்க வேண்டும்? ஆகவே கட்டணம் நியாயம். கேட்க வேண்டியது, கட்டணம் யாரிடம் போகிறது என்பதுதான்.

கினாபாத்தாங்கானுக்குப் போவதற்கு முன், என் முதல் தொண்டூழியப் பயணம் ஒரு முகவர் நிறுவனம் வழியாக வேறொரு நாட்டுக்கு. கட்டிய தொகையில் எவ்வளவு அந்த ஊருக்குப் போனது என்று அங்கே இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் சொன்ன எண்ணைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் கட்டியதில் அது மிகச் சிறிய பங்கு. அதற்கு மேல், நாங்கள் பூசிய பள்ளிச் சுவரை எங்களுக்கு முந்தின மாதம் வந்த குழுவும் பூசியிருந்தது. அந்த வருத்தத்தில்தான் அடுத்த முறை நேராக ஊரோடு தொடர்பு கொள்ளும் இடத்தைத் தேடிப் போனேன்.

நல்ல திட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்களிடம் கேள்வி கேளுங்கள். ஊர்க்காரர்களில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள், முடிவெடுப்பது யார், தொண்டூழியர் வராத மாதங்களில் வேலை நடக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆமாம், எங்கள் குழு ஆண்டு முழுக்கச் செய்கிறது, நீங்கள் வந்தால் கூடுதல் கை" என்று பதில் வந்தால் நம்பலாம். நீங்கள் வந்தால்தான் காடு பிழைக்கும் என்று சொன்னால் யோசியுங்கள்.

உங்களுக்கு முன் பயிற்சி எதுவும் கேட்காமலே விலங்குகளைப் பராமரிக்க விடுகிறோம் என்பதும், அனாதைப் பிள்ளைகளோடு ஒரு வாரம் என்பதும் எனக்கு உடனே எச்சரிக்கை மணி அடிக்கும் விஷயங்கள்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலமோ கணக்கோ சொல்லிக்கொடுக்கலாமா?

ஊர்ப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு வந்து பாசம் காட்டிவிட்டுப் போகும் அந்நியர்கள் மாறி மாறி வருவது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. மாலையில் அவர்களோடு செப்பாக் தாக்ரோ ஆடுங்கள், அது போதும். பெரியவர்கள் கேட்டால் வேறு: கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகம், முன்பதிவு, புகைப்படம் எடுப்பது போன்றவற்றில் உங்களுக்குத் திறன் இருந்தால் அதைச் சொல்லிவையுங்கள். தேவைப்பட்டால் அவர்களே கூப்பிடுவார்கள்.

எந்த மாதத்தில் போவது?

இங்கேதான் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல். நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வருகிறது. கினாபாத்தாங்கானில் மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பர், ஜனவரியில் ஆறு கரை தாண்டலாம், நடவு நின்றுபோகலாம், வீட்டுப் படியில் படகைக் கட்ட வேண்டி வரலாம். பள்ளிப் பிள்ளைகளோடு போவதானால் ஜூன் விடுமுறை சரியானது. தனியாகப் போகிறவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் பாருங்கள். ரமலான் மாதத்தில் போகக் கூடாது என்பதில்லை, ஆனால் ஊர் நோன்பிருக்கும். வேலை நேரம் காலைக்கு மாறும், பகலில் அவர்கள் எதிரே சாப்பிடாமல் இருப்பது நம் கடமை. நோன்பு திறக்கும் வேளையில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட மாலைகளை நான் மறக்கவே மாட்டேன்.

தேசிய சேவையின் முகாம் பயிற்சி இருப்பவர்கள் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

சாங்கியிலிருந்து கோத்தா கினாபாலுவுக்கு நேரடி விமானம், சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சண்டாக்கானுக்கு உள்ளூர் விமானத்தில் முக்கால் மணி நேரம், அல்லது பேருந்தில் சுமார் ஆறு மணி நேரம். சண்டாக்கானிலிருந்து லாஹாட் டத்து போகும் சாலையில் கினாபாத்தாங்கான் பாலம் வருகிறதல்லவா, பத்து பூத்தே அதையொட்டித்தான். சண்டாக்கானிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். வழி முழுக்கச் செம்பனை. அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்காமல் வெளியே பாருங்கள், எதற்காகப் போகிறீர்கள் என்பது புரியும்.

கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். சபாவுக்கு என்று தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூர் வழியாகப் போனாலும் கோத்தா கினாபாலுவில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா விதியைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

நேரம் நம் நேரம்தான். ஆனால் அங்கே சூரியன் ஆறு மணிக்கே எழுந்துவிடும், நம் ஊரில் ஏழு. அதனால் ஐந்தரைக்கு உங்களை எழுப்பினால் வியப்படையாதீர்கள்.

சாப்பாடு? நான் சைவம்.

ஊர்ச் சாப்பாடு சோறு, ஆற்று மீன், கருவாடு, கோழி, கீரை, சம்பல். கையால் பிசைந்து சாப்பிடுவார்கள். அந்த ஒரு விஷயத்திலேயே நமக்குப் பாதி அந்நியம் போய்விடும்.

சைவம் சாத்தியம்தான், முன்பே சொல்லியிருந்தால். வெறும் "சைவம்" என்று சொன்னால் போதாது. கங்கோங் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். மீன் வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இப்படிச் சொன்னதும் நான் தங்கிய வீட்டு அம்மா பக்கீஸ் என்ற பெரணித் தளிரைப் பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தார். மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் சமைத்தார். ஒரு வாரம் அதே நான்கைந்து உணவுகள் சுற்றிச் சுற்றி வரும். ஊறுகாய், பருப்புப்பொடி ஒரு புட்டி எடுத்துப் போங்கள், அவர்களுக்கும் கொடுங்கள். என் எலுமிச்சை ஊறுகாய் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது, நான் தின்று தீர்த்ததல்ல.

அவர்கள் முஸ்லிம்கள். பன்றி இறைச்சிப் பொருளும் மதுவும் வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது? மலாய் தெரியாது.

கால் கழுவிவிட்டு உள்ளே போவது, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குனிந்து கடப்பது, வலக்கையால் வாங்குவது: நம் பாட்டி வீட்டில் பழகியவைதான். முழங்காலை மறைக்கும் உடை போதும். குளியல் பெரும்பாலும் வாளித் தண்ணீர்.

மூத்த ஆண்களைப் பாச்சிக், மூத்த பெண்களை மாச்சிக், நம் வயதொத்தவர்களை ஆபாங், காக்காக் என்று கூப்பிடுங்கள். நம் மூத்த தலைமுறைக்குக் கம்போங் எனும் கிராமத்தில் பழகிய சந்தை மலாய் இன்னும் நாக்கில் இருக்கும். அப்பா அம்மாவிடம் பத்துச் சொற்கள் கேட்டுக்கொண்டு போங்கள். எல்லாரும் சேர்ந்து உழைப்பதை கோத்தோங் ரோயோங் என்பார்கள், அந்தச் சொல் நம் கம்போங் நாட்களிலும் இருந்ததுதானே.

அட்டைக்குப் பயமாக இருக்கிறது.

கடிக்கும். தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலை நுனியில் காத்திருக்கும் வரிப்புலி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும். நோய் வரும் என்று அஞ்ச வேண்டாம். உப்பு, நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தை மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் வழியும். துடைத்து, கழுவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை முகாம் பொருள் கடைகளில் கிடைக்கும், இரண்டு சோடி வாங்குங்கள்.

காலணிக்குப் பெரிய செலவு வேண்டாம். சண்டாக்கானில் சில ரிங்கிட்டுக்குக் கறுப்பு ரப்பர் காலணி கிடைக்கும், அங்கே எல்லாரும் செல்லமாக அடிடாஸ் கம்போங் என்பார்கள். சேற்றில் அதை மிஞ்சியது கிடையாது.

மலேரியா, மற்ற நோய்கள்?

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலேசி என்ற வகை சபாவின் காடுகளில் இருக்கிறது. அதன் கிருமி இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், அதனால் நோய் வேகமாக முற்றும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே பயண மருத்துவ கிளினிக்குக்குப் போய், தடுப்பு மாத்திரை தேவையா, என்ன தடுப்பூசிகள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தி சாயும்போதே முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, இரவில் வலை.

திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அதை டெங்கி என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ நினைத்துப் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய், "நான் சபா காட்டிலிருந்து வந்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். என்னோடு வந்த ஒருவர் இப்படிச் சொன்னதால்தான் உடனே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவருக்கு வந்தது வேறு காய்ச்சல், ஆனால் அவர் செய்தது சரி.

கால் புண்ணோடு சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். ஆற்றில் குளிக்க வேண்டாம், உப்புநீர் முதலைகள் உண்டு. ஊர்ப்பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள்.

பாதுகாப்பு எப்படி? பெண்கள் தனியாகப் போகலாமா?

சபாவின் கிழக்குக் கடலோரத்திலும் தீவுகளிலும் ஆள்கடத்தல்கள் நடந்திருக்கின்றன. 2013இல் ஆயுதக் குழு ஒன்று லாஹாட் டத்துவில் ஊடுருவியதற்குப் பிறகு அந்த வட்டாரம் தனிப் பாதுகாப்பு மண்டலமாக இருக்கிறது. ஆற்றின் உள்பகுதியில் நான் ஒருபோதும் அச்சப்பட்டதில்லை. இருந்தாலும் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையைப் படியுங்கள், பயணத்தை இணையத்தில் பதிவு செய்யுங்கள், பயணக் காப்புறுதி அந்த வட்டாரத்துக்குச் செல்லுமா, மருத்துவ வெளியேற்றச் செலவை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனை சண்டாக்கானில்தான்.

நான் இரண்டு முறை தனியாகப் போனேன். குடும்பத்தோடு தங்குவதால் ஒரு மகளைப் போலவே பார்த்துக்கொண்டார்கள். இரவில் எங்கே போனாலும் யாராவது கூட வந்தார்கள். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு என் யோசனை: வீட்டுக்கார அம்மாவோடு ஒரு முறை காணொளி அழைப்பில் பேசுங்கள். என் அம்மா பேசினார், மலாயும் சிரிப்பும் கலந்த அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அறுபது வயதாகிறது. முடியுமா?

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்க முடிந்தால் பெரும்பாலும் முடியும். வெயிலும் ஈரப்பதமும்தான் தளர்த்தும். நாற்றங்கால் வேலையை உட்கார்ந்தே செய்யலாம். மூட்டு வலியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் பாமாயிலை வீட்டில் நிறுத்திவிட வேண்டுமா?

தீபாவளி முறுக்கு முதல் சோப்பு வரை அது இல்லாத பொருளைத் தேடுவது கடினம். நிறுத்தினாலும் சிக்கல் தீராது. அதே அளவு எண்ணெய்க்கு மற்ற எண்ணெய்ப் பயிர்கள் ஒன்பது மடங்கு வரை அதிக நிலம் கேட்கும் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018இல் சொன்னது. நான் தங்கிய ஊரிலும் சில குடும்பங்களுக்குச் சொந்தமாகச் சில ஏக்கர் செம்பனை இருக்கிறது, பிள்ளைகள் படிப்பது அந்த வருமானத்தில்.

சண்டை மரத்தோடு இல்லை. எங்கே நடுகிறோம் என்பதோடுதான். சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம் ஆற்றங்கரையில் 20 மீட்டர் விடச் சொல்கிறது. படகில் போகும்போது நீர் விளிம்பு வரை செம்பனை நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். அந்த 20 மீட்டர் காடாக இருந்தால் யானைக்குப் பாதை கிடைக்கும், கரை சரியாது. நம்மால் முடிந்தது, சான்றளிக்கப்பட்ட பாமாயிலைப் பயன்படுத்தும் பொருட்களை வாங்குவது, பயன்படுத்தாத நிறுவனங்களைக் கேள்வி கேட்பது. 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தோமே, அது சுமத்ராவில் எரிந்த நிலத்தின் புகை. அக்கம்பக்கத்துக் காடு நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? விமானப் புகை வேறு.

ஒரு வாரம் என்றால் குறைவுதான். பத்து நாளாவது ஒதுக்குங்கள், முடிந்தால் இரண்டு வாரம். ஐந்து ஊருக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே ஊருக்கு ஐந்து முறை போங்கள். இரண்டாம் முறை போகும்போது உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்கள் நேரம் மிச்சம். இடைப்பட்ட காலத்தில் கன்றுப் பராமரிப்புக்குப் பணம் அனுப்பலாம். மூன்று நாள் விடுமுறைக்காக மட்டும் பறந்து போவதாக இருந்தால், அந்த டிக்கெட் பணத்தை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

போகவே முடியாது. இங்கேயே ஏதாவது?

தாராளமாக. நம் தீவின் காடும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனது. மிளகும் கம்பீர் என்ற பயிரும் பயிரிட வெட்டி வெட்டி, மூலக்காட்டின் சிறு துண்டுகள்தான் மிஞ்சின. 1854இல் இயற்கை ஆய்வாளர் வாலஸ் புக்கிட் தீமாவில் சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார் என்றால் அந்த மண்ணின் வளத்தை எண்ணிப் பாருங்கள். இன்று புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி 163 ஹெக்டேர்.

தேசியப் பூங்காக் கழகம் 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் இயக்கத்தில் யாரும் நடலாம். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வழிகாட்டும் தொண்டூழியராகலாம், தமிழில் பேசும் வழிகாட்டி இருந்தால் நம் மூத்தோர் எவ்வளவு மகிழ்வார்கள்! ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு, இங்கே நூற்றுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் கரிய குரங்கு, அதைக் கணக்கெடுக்கத் தொண்டூழியர்கள் அதிகாலையில் காட்டோரம் நடக்கிறார்கள். பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் களை. சான்சிபார் வள்ளிக்கொடி நம் காட்டோரங்களில் மரங்களைப் போர்த்தி அமுக்குகிறது, அதைத் தொண்டூழியர்கள் கையால் இழுத்து, கிழங்கைத் தோண்டி எடுக்கிறார்கள். நானும் என் அண்ணன் மகளும் அப்படி ஒரு காலையில் போனோம். மூன்று மணி நேரத்தில் ஒரு மரத்தைத்தான் முழுதாக விடுவித்தோம். அவளுக்கு அடுத்த ஜூனில் பதினெட்டு ஆகிறது. எனக்கு முன்பே அவள் பத்து பூத்தேக்கு எழுதி, தேதி கேட்டுவிட்டாள்.